வைகாசி வெயிலில் நிற்கும் சோயா மெழுகு: அறுபது குவளைகளின் கணக்கு

சென்னையில் ஒரு வீட்டுச் சமையலறை. அங்கே ஊற்றும் வாசனை மெழுகுவர்த்திகள் அறுபது, மதுரையில் ஒரு புதுமனை புகுவிழாவில் தாம்பூலப் பையோடு போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் வைகாசி. போகும் வழி பஸ் பார்சல். குவளை, நேர்ச்சுவர் உள்ள கண்ணாடி டம்ளர். உள்விட்டம் 7 செ.மீ., மெழுகு நிற்க வேண்டிய உயரம் 5 செ.மீ. வாசனை மல்லிகை. பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் மெழுகு வேண்டாம், சோயாதான் வேண்டும் என்பது விழா வீட்டாரின் நிபந்தனை.

எந்த சோயா மெழுகை வாங்குவது என்பதற்கு வேண்டிய விவரம் எல்லாம் இந்தச் சில வரிகளிலேயே இருக்கிறது. ஆனால் யாரும் இங்கிருந்து தொடங்குவதில்லை. "எது பெஸ்ட்?" என்று தேடி, அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருப்பவர் புகழ்ந்த மெழுகை ஐந்து கிலோ வரவழைத்துவிடுகிறார்கள். புகழ்ந்தவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊற்றியதும் ஏற்றியதும் இருபது, இருபத்திரண்டு டிகிரி அறையில். நம் அட்டைப்பெட்டி போகப்போவது மே மாதத்துப் பஸ்ஸின் வயிற்றுக்குள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது; அது நிழலில் இருந்த காற்றின் வெப்பம். மூடிய வண்டிக்குள் அதைவிட ஏறும்.

ஆகவே இந்தத் தேவையில் முதலில் பார்க்க வேண்டியது வாசனை எவ்வளவு வீசும் என்பதையோ மேல்பரப்பு எவ்வளவு வழவழப்பு என்பதையோ அல்ல. உருகுநிலையை.

பெயர் மெழுகு, குணம் கொழுப்பு

சோயா மெழுகு வனஸ்பதியின் உறவுக்காரன். சோயா எண்ணெயைச் சுத்தம் செய்து, நிக்கல் வினையூக்கியை வைத்து ஹைட்ரஜன் ஏற்றினால் எண்ணெய் கெட்டியாகிறது. முழுக்க ஏற்றினால் கிடைப்பது 70 டிகிரிக்கு அருகில் உருகும், நொறுங்கும் தன்மையுள்ள வெள்ளைச் செதில். அது குவளைக்கு உதவாது. கண்ணாடியில் ஒட்டாமல் விரிசல் விடும். அதனால் ஹைட்ரஜனைப் பாதியில் நிறுத்தியோ, மென்மையான எண்ணெயைக் கலந்தோ உருகுநிலையை 45 முதல் 52 வரை இறக்கிக் குவளை மெழுகு செய்கிறார்கள். இந்த ஏழு டிகிரி இடைவெளிதான் நம் கதை முழுவதும்.

கொழுப்பு என்பதால் சில குணங்கள் கூடவே வரும். கொழுப்பு பல மூலக்கூறுகளின் கலவை. ஒரே புள்ளியில் படக்கென்று உருகாது. பாக்கெட்டில் 47 டிகிரி என்று போட்டிருந்தால் 46 வரை கல்லாக நிற்கும் என்று பொருளில்லை. நாற்பதைத் தாண்டும்போதே அதில் ஒரு பங்கு திரவமாகிவிடும். மெழுகு வெண்ணெய்ப் பதத்துக்கு வந்து, மேலே எண்ணெய் முத்து முத்தாகப் பூக்கும். வாசனை எண்ணெய் சேர்த்ததும் இந்த இளக்கம் இன்னும் கொஞ்சம் முந்தித் தொடங்கும். பாக்கெட்டில் உள்ள எண் வெறும் மெழுகுக்கு, வாசனை கலந்த மெழுகுக்கு அல்ல.

இன்னொன்று படிகம். உறையும்போது கொழுப்பு ஒரு வடிவத்தில் படிகமாகி, நாளாவட்டத்தில் இன்னும் நிலையான வடிவத்துக்கு மாறும். பழைய சாக்லேட்டின் மேல் வெள்ளை பூப்பதற்குக் காரணமும் இதுதான். மெழுகில் இதை ஃப்ராஸ்டிங் என்கிறார்கள். எரிவதிலோ வாசனையிலோ இதனால் குறை எதுவும் இல்லை. கண்ணுக்குத்தான் அழுக்குப் போலத் தெரியும். வெப்பம் ஏறி இறங்கினால் அதிகமாகும். இரவு முழுக்க ஏ.சி. போட்டு, காலையில் நிறுத்தி, மதியம் 36 டிகிரிக்குப் போகும் அறை இதற்குத் தோதான இடம்.

மூன்று மெழுகுகள்

ஒப்பிடுவதற்கு ஒரே குடும்பத்து மெழுகுகளை எடுத்துக்கொள்வது வசதி. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரின் கோல்டன் பிராண்ட்ஸ் தயாரிக்கும் குவளை மெழுகுகள் இவை. அந்த நிறுவனத்தை 2011-இல் ஸ்வீடனைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.ஏ.கே. வாங்கியது. மெழுகின் எண்கள் அப்படியே தொடர்கின்றன.

ஜி.டபிள்யூ. (கோல்டன் வாக்ஸ்) 464-க்கு உருகுநிலை 45 முதல் 48 வரை. சோயாவோடு கொஞ்சம் சேர்மானமும் உண்டு. கண்ணாடியில் நன்றாக ஒட்டும், மேல்பரப்பு பாலாடை போல அமையும், வாசனையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். புதிதாக ஊற்றுகிறவர் கையில் கூடப் பெரிதாகச் சொதப்பாது. உலகம் முழுக்க இதைப் பரிந்துரைப்பதில் ஆச்சரியமில்லை.

ஜி.டபிள்யூ. 444-இலும் சேர்மானம் உண்டு. உருகுநிலை 49.5 முதல் 52 வரை. சூடான ஊர்களுக்கு இதைத்தான் சொல்வார்கள்.

ஜி.டபிள்யூ. 415-க்கும் உருகுநிலை கிட்டத்தட்ட அதே 49.5 முதல் 52. சேர்மானம் எதுவும் இல்லாத வெறும் சோயா. ஃப்ராஸ்டிங் தாராளமாக வரும். தேன்மெழுகோ தேங்காய் மெழுகோ தாங்களே கலந்து பார்க்கிறவர்களுக்கு இது நல்ல அடிப்படை.

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 464 இந்த ஆர்டருக்கு வெளியே போய்விடுகிறது. 415-ஐ எடுத்தால் மல்லிகை வாசனையோடு, நிறமில்லாத கண்ணாடியில், வெள்ளைத் திட்டோடு நிற்கும். அறுபது வீட்டுக்குப் போகிற பரிசுப்பொருளில் அது வேண்டாத வேலை. மிஞ்சுவது 444. ஆனால் எண்ணை நம்பி அறுபது குவளை ஊற்றக் கூடாது. கையில் கிடைக்கும் பாக்கெட்டில் இந்த எண்களே இல்லாமலும் இருக்கலாம்.

எண் இல்லாத பாக்கெட்

"சோயா வாக்ஸ் செதில், 1 கிலோ" என்று மட்டும் அச்சிட்ட பை நம் சந்தையில் சாதாரணம். சோயா என்ற பெயரில் பனை எண்ணெய், தேங்காய், பாரஃபின் கலந்தவையும் விற்கின்றன. கலப்பு என்றாலே மோசம் என்று அர்த்தமில்லை. கலந்ததைச் சொல்லாமல் விற்பதுதான் மோசம். விற்பவரிடம் மூன்றே கேள்வி போதும்: உருகுநிலை என்ன, குவளைக்கா அச்சுக்கா, அதிகபட்சம் எத்தனை சதவீதம் வாசனை தாங்கும். மூன்றுக்கும் பதில் எழுத்தில் வராவிட்டால் ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி முக்கியம். அச்சில் ஊற்றி எடுக்கும் தூண் மெழுகுவர்த்திக்கும் சோயா மெழுகு உண்டு. அச்சிலிருந்து கழன்று வர வேண்டும் என்பதற்காக அது உறையும்போது சுருங்கும்படி செய்யப்பட்டது. உருகுநிலை அதிகம் என்று ஆசைப்பட்டு அதைக் குவளையில் ஊற்றினால் கண்ணாடியை விட்டு விலகி, தனி உருளையாக உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.

உருகுநிலையை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நூறு கிராம் மெழுகை 80 டிகிரிக்குச் சூடாக்கி, சிறிய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, குத்தும் தெர்மாமீட்டரை நடுவில் நிறுத்துங்கள். மெதுவாகக் கிளறிக்கொண்டே நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறியுங்கள். முதலில் எண் மடமடவென்று இறங்கும். பிறகு ஓரிடத்தில் திரவம் கலங்கி, டம்ளரின் ஓரத்தில் ஏடு கட்டி, இறக்கம் தடுமாறும். நாலைந்து நிமிடம் ஒரே எண்ணைச் சுற்றி நிற்கவும் செய்யும். அது உறைநிலை. கொழுப்பு உறைவதில் எப்போதும் பின்தங்கும் என்பதால் உருகுநிலை இதற்குச் சில டிகிரி மேலே இருக்கும். துல்லியம் அவ்வளவுதான். ஆனால் இரண்டு பாக்கெட்டுகளை ஒரே நாளில் ஒரே டம்ளரில் சோதித்தால் எது கெட்டி, எது இளக்கம் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

சூட்டுச் சோதனை

திரி இல்லாமலே இதைச் செய்யலாம். ஒவ்வொரு மெழுகிலும் ஒரு குவளை, அறுபதிலும் சேர்க்கப்போகும் அதே 8 சதவீத மல்லிகை எண்ணெயோடு ஊற்றி மூன்று நாள் விட்டுவிடுங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து 42 டிகிரியில் நிறுத்துங்கள். வெந்நீர் கொஞ்சம், பச்சைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் கையாலேயே பராமரிக்கலாம். குவளைகளை மூடி, மெழுகு நிற்கும் மட்டம் வரை தண்ணீரில் மூழ்கும்படி மூன்று மணி நேரம் வைக்க வேண்டும்.

பிறகு மூடியைத் திறந்து ஒரு டிஷ்யூ துண்டை மேல்பரப்பில் வைத்து, அதன்மேல் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். எடுக்கும்போது டிஷ்யூவில் நாணய வட்டம் முழுக்க எண்ணெய்க் கறை ஊறியிருந்தால் அந்த மெழுகு பயணத்துக்கு ஆகாது. அங்கங்கே புள்ளி மட்டும் என்றால் தாங்கும். அடுத்து குவளையைப் பாதி சாய்த்துப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேல்பரப்பின் விளிம்பு நகர்ந்திருந்தால் பஸ் குலுக்கலில் திரி சாய்வது நிச்சயம். பிறகு தண்ணீரை 46-க்கு ஏற்றி மறுபடியும் இதையே செய்ய வேண்டும். 464 வகை மெழுகு இந்த இடத்தில் கைவிட்டுவிடும். 444 வகை இளகும், ஆனால் இடத்தை விட்டு அசையாது.

உருகி மறுபடி உறைந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது, குவளைக்குள்தானே இருக்கிறது என்று கேட்கலாம். கெடுதல் பிறகுதான் தெரியும். உருகியபோது திரி சாய்ந்திருக்கும். கண்ணாடியின் ஓரமாக எரியும் திரி கண்ணாடியை ஒரே பக்கமாகச் சூடாக்கும். வாசனை எண்ணெயில் கொஞ்சம் பிரிந்து மேலே தேங்கியிருக்கும். முதல்முறை ஏற்றும்போது சுடர் எதிர்பார்த்ததைவிட உயரமாக எழும். மேல்பரப்பு மேடும் பள்ளமுமாக உறைந்திருப்பது இவற்றோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெயிலில் நிறுத்திய மூடிய வேனுக்குள் 50 டிகிரியைத் தாண்டும். அங்கே எந்தக் குவளை சோயாவும் நிற்காது, 444 உட்பட. கெட்டி மெழுகு நமக்கு வாங்கித் தருவது சில டிகிரி அவகாசம் மட்டுமே. பகல் ஒரு மணிக்குப் பார்சல் போட அனுமதிச் சீட்டு அல்ல. தேன்மெழுகு 62 முதல் 64-இல் உருகும், அதில் பத்து சதவீதம் கலந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கலக்கலாம், கொஞ்சம் இறுகும். ஆனால் சதவீதக் கணக்குப்படி உருகுநிலை ஏறாது. திரியை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியும் வரும்.

அளவு

7 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயரம் என்றால் கொள்ளளவு சுமார் 192 மி.லி. மெழுகு தண்ணீரைவிட லேசு, 0.86-ஆல் பெருக்கினால் 165 கிராம். இதை நம்பாதவர் குவளையைத் தராசில் வைத்துக் குறி வரை தண்ணீர் ஊற்றி எடை பார்த்து, அதை 0.86-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், அச்சிட்ட அளவை விட இது மேல்.

வாசனை 8 சதவீதம் என்பது மெழுகின் எடையில் எட்டு, மொத்தத்தில் எட்டு அல்ல. 165-ஐ 1.08-ஆல் வகுத்தால் மெழுகு 152.8 கிராம், எண்ணெய் 12.2 கிராம். அறுபதுக்கு மெழுகு 9.17 கிலோ, எண்ணெய் 733 கிராம். சோதனைக்கும் பாத்திரத்தில் ஒட்டுவதற்கும் சேர்த்து 11 கிலோ மெழுகு, 900 கிராம் எண்ணெய் வாங்க வேண்டும். இரண்டும் ஒரே லாட்டாக வாங்குவது நல்லது. சோயா ஒரு பயிர், லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும்.

எண்ணெயை மில்லிலிட்டரில் அளக்கக் கூடாது. வாசனை எண்ணெய்களின் அடர்த்தி எண்ணெய்க்கு எண்ணெய் மாறும், தராசுதான் கணக்கு. "பத்து, பன்னிரண்டு சதவீதம் போட்டால் இன்னும் வீசும்" என்ற ஆசையும் வெயில் காலத்தில் ஆபத்து. மெழுகு பிடிக்க முடியாத எண்ணெய்தான் வியர்வையாக வெளியே வருகிறது. ஊதுவத்திக்கு என்று விற்கும் வாசனைத் திரவத்தையும் தவிருங்கள். அதை நீர்க்க வைக்கக் கலந்திருக்கும் திரவம் மெழுகுக்காகத் தேர்ந்தெடுத்தது அல்ல. மெழுகுவர்த்திக்கான எண்ணெய் விற்பவரிடம் இஃப்ரா (வாசனைப் பொருள்களுக்கான சர்வதேச அமைப்பு) சான்று கேட்டால் தருவார். அதில் 12-ஆம் வகைக்கான வரம்பைப் பாருங்கள், மெழுகுவர்த்தி அந்த வகையில்தான் வருகிறது.

மல்லிகையில் ஒரு தனிப் பிரச்சினை. மல்லிகை மணத்துக்கு ஆழம் தருவது இண்டோல் என்னும் பொருள். அது வெளிச்சமும் காற்றும் பட்டால் மெழுகை மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ ஆக்கும். வெண்ணிலா சேர்ந்த வாசனைகளில் வெனிலின் இதே வேலையைப் பழுப்பு நிறத்தில் செய்யும். மெழுகை மாற்றினால் இது தீராது. இரண்டு வாரம் ஜன்னல் ஓரம் ஒரு குவளையை வைத்துப் பார்த்து, நிறம் மாறினால் உள்ளே தெரியாத குவளைக்கு மாறுவதுதான் சுலபம்.

ஊற்றுதல்

ஒரு தடவைக்குப் பத்துக் குவளை: மெழுகு 1,528 கிராம், எண்ணெய் 122 கிராம். ஆறு தடவை. வீட்டு அடுப்பில் இதற்கு மேல் ஒரே பாத்திரத்தில் போட்டால் கடைசிக் குவளைக்குள் மெழுகு ஆறிவிடும்.

தண்ணீர் கொதிக்கும் சட்டிக்குள் ஊற்றும் மூக்கு உள்ள பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். ஆவித் தண்ணீர் உள்ளே சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு போனாலும் திரியில் ஏறி, எரியும்போது சடசடவென்று வெடிக்கும். 85 டிகிரி வந்ததும் தீயை அணைத்து எண்ணெயைச் சேர்த்து, முழு இரண்டு நிமிடம், நுரை எழாமல் அடிப்பக்கம் வரை கிளற வேண்டும். எண்ணெயின் தீப்பற்றுநிலை 70 என்று போட்டிருக்கிறதே, 85-இல் சேர்த்தால் வாசனை பறந்துவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். தீப்பற்றுநிலை என்பது பக்கத்தில் சுடர் இருந்தால் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பம். வாசனை காணாமல் போகும் வெப்பம் அல்ல. ஆகையால்தான் அடுப்பை அணைத்துவிட்டுச் சேர்க்கச் சொல்கிறோம். குறைந்த சூட்டில் சேர்த்தால் எண்ணெய் சரியாகக் கலக்காமல் அடியில் தங்கும். அந்தத் தவறுதான் அதிகம்.

ஊற்றும் வெப்பம் 57 டிகிரியில் தொடங்கி, அதற்கு ஐந்து மேலும் ஐந்து கீழுமாக ஒவ்வொரு குவளை ஊற்றிப் பாருங்கள். மேல்பரப்பு எதில் வழவழவென்று வருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெப்பத்தில் ஓர் அனுகூலம் உண்டு: கண்ணாடி ஏற்கெனவே 34, 35 டிகிரியில் இருக்கும், தனியாகச் சூடாக்க வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றும்போது வரும் ஈரத் திட்டுகள், அதாவது மெழுகு கண்ணாடியை விட்டுச் சற்று விலகி நனைந்தது போலத் தெரிவது, இங்கே குறைவு. பிரதிகூலமும் அதே காரணத்தால்: அறை வெப்பத்துக்கும் உறைநிலைக்கும் இடைவெளி குறைவு, உறைய ராத்திரி முழுக்க ஆகும். அவசரப்பட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் விரிசலும் திட்டும் நிச்சயம். குவளைகளுக்கிடையே நான்கு விரல் இடம் விட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, தொடாமல் விட வேண்டும்.

நிறம் வேண்டும் என்றால் மெழுகுவர்த்திக்கான சாயம் மட்டும். கிரேயானைச் சீவிப் போடும் யோசனை அடிக்கடி கண்ணில் படுகிறது. அதில் உள்ள நிறமித் துகள் திரியை அடைத்து, அரை மணி நேரத்தில் சுடரைச் சாகடிக்கும்.

ஏற்றிப் பார்க்கப் பத்து நாளாவது காத்திருக்க வேண்டும், இரண்டு வாரம் நல்லது. இந்த இடைவெளியில் சோயா மெழுகு இன்னும் இறுகுகிறது. மறுநாளே ஏற்றிவிட்டு "வாசனையே வரவில்லை, மெழுகு சரியில்லை" என்று முடிவு கட்டுவது மெழுகுக்குச் செய்யும் அநியாயம். விழா தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் திரிச் சோதனைக்கு மூன்று வாரம், ஊற்ற ஒரு வாரம், பதமாக இரண்டு வாரம்: ஆறு வாரம் முன்பே மெழுகு வீட்டில் இருக்க வேண்டும்.

திரி: கெட்டி மெழுகுக்குக் கொடுக்கும் விலை

மெழுகைத் தீர்மானித்த பிறகுதான் திரி. இதை மாற்றிச் செய்தவர்கள் இரண்டு தடவை செலவு செய்கிறார்கள். பாரஃபினுக்குச் சரியாக இருந்த திரி சோயாவுக்குப் போதாது. 464-க்குச் சரியாக இருந்தது 444-க்கு ஒரு எண் குறைவாகப் படலாம். உருகுநிலை ஏறினால் அதை உருக்கும் சுடருக்கும் வேலை ஏறும்.

இயற்கை மெழுகுகளுக்கு அதிகம் பயன்படுவது காகித இழை சேர்த்துப் பின்னிய தட்டைப் பருத்தித் திரிகள், ஈகோ, சி.டி. என்ற வரிசைகள் இந்த வகை. 7 செ.மீ. குவளைக்கு ஈகோ வரிசையில் 8, 10, 12 மூன்றையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு குவளை ஊற்றிச் சோதிக்க வேண்டும். திரியை நடுவில் ஒட்டி, 5 மி.மீ.க்கு வெட்டி, ஃபேன் இல்லாத அறையில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் எடை, நான்கு மணி நேரம் கழித்து அணைத்து ஆறிய பின் எடை. வித்தியாசத்தை நான்கால் வகுத்தால் மணிக்கு எவ்வளவு எரிகிறது என்று தெரியும். மணிக்கு 5 கிராம் என்று வந்தால், அடியில் 12 மி.மீ. எரிக்காமல் விட வேண்டியதைக் கழித்து, இந்தக் குவளை சுமார் 25 மணி நேரம் எரியும். பெட்டியில் எழுதும் எண் இப்படி வர வேண்டுமே தவிர, அடுத்தவர் பெட்டியைப் பார்த்து அல்ல.

உருகிய குளம் மூன்று மணி நேரத்தில் கண்ணாடியின் ஓரத்தை நெருங்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முதல் தடவையே குளம் ஓரம் வரை பளிச்சென்று போக வேண்டும் என்று பெரிய திரியைப் போட்டுவிடுகிறார்கள். பாதிக்குக் கீழே இறங்கியதும் கண்ணாடிச் சுவர் சூட்டைத் தேக்கி, அதே திரி கொதிக்கிறது: குளம் ஆழமாகிறது, சுடர் ஆடுகிறது, திரி நுனியில் காளான் போல் கரி கட்டுகிறது, கண்ணாடியில் கரும்புகை படிகிறது. முதல் ஏற்றத்தில் ஓரத்தில் ஐந்தாறு மி.மீ. மெழுகு உருகாமல் நின்றால் விட்டுவிடுங்கள்; கீழே போகும்போது அதுவே உருகி விழும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அந்தச் சுவர் அப்படியே நின்று, சுடர் கிணற்றுக்குள் போனால்தான் திரி சின்னது.

கடைசி மூன்றில் ஒரு பங்கை எரித்துப் பார்க்காமல் திரியை முடிவு செய்யவே கூடாது. அந்தக் கட்டத்தில் குவளையின் வெளிச்சுவரைக் கையால் பிடித்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத சூடு என்றால் ஒரு எண் இறங்க வேண்டும். சோயா புகை விடாது என்று விளம்பரத்தில் சொல்வார்கள். திரி பெரிதாக இருந்தால் எந்த மெழுகும் புகை விடும். குவளையும் மெழுகுவர்த்திக்கானதாக இருக்கட்டும். தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் எஃப் 2179 என்ற தரக்குறியீடு மெழுகுவர்த்திக் கண்ணாடிக்கென்றே உள்ளது. ஜூஸ் குடிக்கும் மெல்லிய டம்ளர் அழகாக இருக்கலாம், பத்தில் ஒன்று விரிசல் விட்டால் உள்ளே இருப்பது சூடான கொழுப்பு. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் மூடியைப் போட்டு அணைக்க வேண்டும்.

மதுரைக்குப் போகும் ஒவ்வொரு குவளையிலும் ஒரு சீட்டு: திரியை 5 மி.மீ.க்கு வெட்டவும், நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிய விட வேண்டாம், அடியில் 12 மி.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்தவும், ஓடும் ஃபேனுக்குக் கீழே வைக்க வேண்டாம். நம் வீடுகளில் கடைசி வரிதான் முதல் வரி. ஃபேன் காற்றில் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தால் சரியான திரி கூடப் புகைவிடும், மறுபக்கத்து மெழுகு உருகாமல் நிற்கும்.

பெட்டி

அறுபதும் மூடி போட்டு, நிமிர்ந்த நிலையில், தெர்மோகோல் பெட்டியில். பபிள் ராப் உடையாமல் காக்கும், சூட்டைத் தடுக்காது. ஐஸ் பை வைத்தால் உள்ளே ஈரம் கசிந்து லேபிள் ஊறும். இதற்கெல்லாம் மேலே ஒரே உபாயம், இரவுப் பஸ். மாலை எட்டு மணிக்குப் பிறகு பார்சல் போட்டு, விடியற்காலையில் எடுத்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு பார்சல் கிடங்கில் கிடந்தால் இரவில் அனுப்பிய பலன் போய்விடும்.

சோதனைக்கு வாங்கி மிச்சமான 464 செதிலில் ஒரு ஸ்பூன் எடுத்து, சின்ன ஜிப் பையில் போட்டு, ஒவ்வொரு பெட்டியின் மேலடுக்கிலும் வையுங்கள். மதுரையில் திறக்கும்போது செதில் உதிரியாகவே இருந்தால் பெட்டி நாற்பதுகளின் நடுவைத் தொடவில்லை. குவளைகளை அப்படியே பையில் போடலாம். செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடையாகியிருந்தால், அந்தப் பெட்டியில் உள்ள குவளைகளை ஒவ்வொன்றாகத் திறந்து திரி நடுவில் நிற்கிறதா, மேலே எண்ணெய் நிற்கிறதா என்று பார்த்து, டிஷ்யூவால் ஒற்றிய பிறகே கொடுக்க வேண்டும்.